பழம் போர்விமானங்கள் பறக்கலாமா?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சைவமும் தமிழும் முழங்கும் இம்மேடையில் ஆகாய விமானங்களைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். இதற்கும் நம் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பழையதொரு பொருளை எவ்வாறு பேணுவது? பலர் கூடும் விழாவிற் பிறர் உயிருக்கு ஊறு வராமற் காப்பது யார் பொறுப்பு? போர் செய்த கருவிக்கு அமைதிக் காலத்தில் என்ன இடம் கொடுப்பது? இம்மூன்று வினாக்களும் எந்தச் சமூகத்துக்கும் உரியவை. இவற்றை இங்கிலாந்து தேசத்து விமான அபிமானிகள் பல்லாண்டுகளாகத் தம்முள் வாதித்து வருகின்றனர். அவர்களுடைய வாதங்களைக் கூறி, முடிவில் என் கருத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

விமானக் காட்சி அந்நாட்டில் நெடுங்கால வழக்கமாகும். லண்டன் நகரின் ஒரு பகுதியாகிய ஹென்டனில் 1920 ஆம் ஆண்டு முதல் 1937 வரை பிரித்தானிய விமானப்படை ஆண்டுதோறும் தன் விமானங்களைப் பறக்கவிட்டுப் பொதுமக்களுக்குக் காட்டியது. அன்று மக்கள் காணச் சென்றவை பெரும்பாலும் புதிய விமானங்களே. பழையனவற்றைப் பறக்கும் நிலையிற் பேண வேண்டும் என்னும் எண்ணத்துக்கு உரமிட்டவர்களுள் றிச்சட் ஷட்டில்வேர்த் என்பவர் ஒருவர். பெட்போட்ஷயர் மாகாணத்து ஓல்ட் வார்டன் என்னும் ஊரில் அவர் பழைய மோட்டார் வண்டிகளையும் விமானங்களையும் சேர்த்தார். 1940 இல் விமானப்படையிற் சேவை செய்கையில் விபத்தொன்றில் மாண்டார். மகனின் நினைவாக அன்னையார் 1944 இல் ஒரு தருமநிதியை நிறுவினார். அச்சேகரத்தில் 1909 ஆம் ஆண்டுப் பிளேரியோ விமானம் ஒன்று இருக்கிறது. காற்று அடங்கிய மாலைப் பொழுதில், ஓடுபாதைக்கு மேலே சில அடி உயரத்துக்கு அது எழுந்து இறங்கும். நூற்றாண்டைக் கடந்த அவ்வியந்திரம் எழுவதைக் காண மக்கள் புற்றரையிற் காத்திருப்பர்.

1957 இல் விமானப்படையே தன் பழைய ஸ்பிற்பயர், ஹரிக்கேன் விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்திருக்க ஒரு பிரிவை அமைத்தது. இன்று லிங்கன்ஷயரில் கொனிங்ஸ்பி தளத்தில் இருக்கும் அப்பிரிவில் லங்காஸ்ரர் குண்டுவிமானம் ஒன்றும் உண்டு. கட்டப்பட்ட லங்காஸ்ரர்கள் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவை. இப்பொழுது பறக்கக் கூடியவை இரண்டே. மற்றையது கனடாவில் இருக்கிறது. 2014 இல் அது அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்து தன் தோழனோடு சேர்ந்து பறந்தபோது, அபிமானிகள் ஊர் ஊராகப் பின்தொடர்ந்தனர்.

நிற்க. அபிமானிகள் எல்லோரும் ஒரே மனத்தினர் அல்லர். ஒரு சாரார் இக்காலத்துத் தாரை விமானங்களின் வேகத்தையும் இரைச்சலையும் விரும்புவோர். பெயர்போட் தளத்தில் வழக்கமாக யூலை மாதத்தில் நடைபெறும் பெருங்காட்சியே அவர்களுடைய திருவிழா. விமானப்படைகள் வரவரச் சிறுத்துவிட்டன, முன்போலப் பல தேசத்து விமானங்கள் வருவதில்லை என்பது அவர்களுடைய குறை. மறுசாரார் பழம் விமானங்களிற் பற்றுடையோர். ஒலிபெருக்கியில் ஓயாமற் பேசுபவர் சிறிது வாயடக்கினால் இயந்திரத்தின் ஒலியைக் கேட்கலாமே என்று இவர்கள் முணுமுணுப்பர். இவையெல்லாம் சிறு பூசல்கள். பெரும் பிணக்கு பழம் விமானப் பற்றுடையோர் நடுவிலேயே இருக்கிறது. அப்பழம் விமானங்கள் பறக்க வேண்டுமா, நூதனசாலையில் ஓய்ந்திருக்க வேண்டுமா என்பதே அது.

பறக்க வேண்டும் என்போர் கூறுவதைக் கேளுங்கள். விமானம் என்பது பறத்தற்கென்றே ஆக்கப்பட்டது. நின்றுவிட்டால் அது வெறும் உலோகக் கூடு என்பர். நமக்கு இது எளிதில் விளங்கும். ஆண்டுதோறும் இழுக்கப்படும் தேருக்குச் சில்லும் அச்சும் வடமும் ஆண்டுதோறும் பார்க்கப்படும். கொட்டகையிற் கிடக்கும் தேரைக் கறையான் பார்த்துக்கொள்ளும். மேலும், ஒரு விமானத்தைப் பறக்க வைக்க வேண்டுமாயின் அதன் இயந்திரத்தைப் பிரித்துக் கூட்டத் தெரிந்த கைகள் வேண்டும். அந்த வித்தை ஏட்டில் மட்டும் இருந்தால் மறைந்துபோம். மொஸ்கிற்றோ என்னும் போர்விமானம் பெரும்பாலும் மரத்தாலானது. ஒட்டுப்பலகையை அச்சில் வளைத்து அதன் உடலை ஆக்கினர். நியூசிலாந்தில் உள்ள தொழில்வல்லார் புதிதாக அச்சுச் செய்து, மரவுடலை மீண்டும் ஆக்கி, 2012 இல் ஒரு மொஸ்கிற்றோவைப் பறக்கவிட்டனர். பறக்க வேண்டும் என்ற ஆசை இல்லாதிருந்தால் அந்தத் தச்சுவித்தையை மீட்டிருக்க எவரும் முயன்றிரார்.

மறுப்போர் கூற்றும் இலேசானதன்று. அதே மொஸ்கிற்றோவையே அவர்கள் எடுத்துக்காட்டுவர். பிரித்தானியாவிற் பறக்கக்கூடியதாக எஞ்சியிருந்த ஒரேயொரு மொஸ்கிற்றோ 1996 யூலை 21 இல் மாஞ்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள பாட்டனில் ஒரு காட்சியின்போது வீழ்ந்தது. அதிலிருந்த இருவரும் மாண்டனர். 2022 நவம்பர் 12 இல் அமெரிக்காவின் டலஸ் நகரக் காட்சியில் நான்கு இயந்திரங்களையுடைய பழைய குண்டுவிமானம் ஒன்றும் சிறிய போர்விமானம் ஒன்றும் ஆகாயத்தில் மோதின. ஆறு பேர் உயிர் துறந்தனர். மனிதர் இறந்த துக்கம் ஒருபுறம். இனி ஒருபோதும் ஆக்கப்படாத பொருள் அழிந்த நட்டம் இன்னொருபுறம். கடைசி ஓலைச்சுவடியை மழையில் விரித்து வாசிப்பவரை நாம் அறிவாளி என்போமா என்று அவர்கள் கேட்பதுபோல இருக்கிறது.

இவர்களுக்குள் வேறொரு தருக்கமும் உண்டு; சைவர்களாகிய நாம் அதனைக் கேட்டுப் புன்னகைப்போம். 1940 மே மாதத்தில், டன்கேர்க் போரின்போது, பிரான்சின் கடற்கரை மணலில் இறங்கிய ஸ்பிற்பயர் ஒன்று மண்ணுள் அமிழ்ந்து கிடந்து 1986 இல் வெளியே எடுக்கப்பட்டது. திருத்தியமைக்கப்பட்டு 2014 இல் மீண்டும் பறந்தது. இன்று டக்ஸ்போட் நூதனசாலைக்கு உரியது. நாற்பத்தாறு ஆண்டு உப்புமணலிற் கிடந்ததிற் புதிதாக மாற்றவேண்டியிருந்தவை எத்தனையோ. அப்படியாயின் அது பழைய விமானந்தானா, அன்றிப் பழைய எண்ணைச் சூடிய புதிய விமானமா என்று அபிமானிகள் மல்லுக்கு நிற்கின்றனர். நம் கோயில்களிற் பாலஸ்தாபனம் செய்து, கருங்கல்லை மாற்றிக் கோபுரத்தைப் புதுக்கிக் கும்பாபிஷேகம் செய்தபின், இது வேறு கோயில் என்று நாம் சொல்வதில்லை. இடமும் மூர்த்தியும் வழிபாடும் தொடர்வதால் அது அதே கோயில். விமானத்துக்கு அத்தகைய தொடர்ச்சி எது? அதன் வரலாறும், அதனை ஓட்டியவர்களின் நினைவுமே என்பது என் எண்ணம். ஆகையால் எது பழையது, எது புதியது என்பதை மறைக்காமற் சொல்லிவிட்டால் அங்கே பொய்யில்லை.

இனி, இவ்வாதத்தின் மிகக் கசப்பான பகுதிக்கு வருகிறேன். 1952 செப்ரெம்பர் 6 இல் பாண்பரோ காட்சியில் புதுத் தாரை விமானம் ஒன்று ஆகாயத்தில் உடைந்து சிதறியது. விமானியும் உடனிருந்தவரும் பார்வையாளர் 29 பேரும் மாண்டனர். அதன்பின் பார்வையாளரை நோக்கி விமானங்கள் பறத்தல் முதலியவற்றுக்குக் கடுமையான விதிகள் வந்தன. அறுபத்துமூன்று ஆண்டுகள் பிரித்தானியக் காட்சிகளிற் பொதுமக்கள் எவரும் விமானம் வீழ்ந்து இறக்கவில்லை. ஆயின் பிற தேசங்களில், 1988 இல் ஜேர்மனியின் ராம்ஸ்ரைனில் 70 பேரும், 2002 இல் உக்ரேயினின் லிவிவ் நகரில் 77 பேரும் பலியாயினர்.

2015 ஓகஸ்ட் 22 இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஷோர்ஹாமில், 1950களில் ஆக்கப்பட்ட ஹன்ரர் தாரை விமானம் ஒன்று ஆகாயத்தில் வட்டமிட முனைந்தது. வட்டத்தை முடிக்க வேண்டிய உயரம் அதற்கு இருக்கவில்லை. அது நெடுஞ்சாலையில் வீழ்ந்தது. விமானி படுகாயத்தோடு பிழைத்தார். பதினொரு பேர் இறந்தனர். 2019 இல் நீதிமன்றம் விமானியைக் குற்றவாளியல்லர் என விடுவித்தது. 2022 இல் மரண விசாரணை அப்பதினொருவரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என முடிவு செய்தது.

அன்பர்களே, இறந்த பதினொருவரும் காட்சித் திடலுக்கு உள்ளே இருந்தவர்கள் அல்லர். வெளியே வீதியில் நின்றவர்கள், வீதியாற் போனவர்கள். அவர்களிற் சிலருக்கு அந்தக் காட்சியோடு எவ்விதத் தொடர்பும் இல்லை. விமானி தன் உயிரைப் பணயம் வைக்கலாம். அது அவர் தெரிந்தெடுத்த தொழில். சீட்டு வாங்கித் திடலுள் நிற்பவரும் ஓரளவு அறிந்தே வருகிறார். தன் வேலைக்குப் போகும் வழிப்போக்கனிடம் யார் அனுமதி கேட்டார்கள்? தேர் இழுக்கும் நாளிற் சில்லுக்குக் கட்டை போடுவோர் சில்லைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. வீதி ஓரத்து வீட்டுப் படலையடியில் நிற்கும் குழந்தையையும் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். தேரைக் காண வந்தவன், வராதவன் என்று அவர்கள் பேதம் பாராட்டுவதில்லை.

ஷோர்ஹாம் விபத்தின்பின், பழைய தாரை விமானங்கள் நிலத்துக்கு மேலே சாகசம் செய்தல் உடனே தடுக்கப்பட்டது. பார்வையாளருக்கும் விமானத்துக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் கூட்டப்பட்டது. அனுமதிக் கட்டணங்களும் ஏறின. அபிமானிகளிற் பலர் மனம் வருந்தினர். விமானம் இப்பொழுது தொலைவிற் புள்ளியாய்த் தெரிகிறது, சிறு காட்சிகள் செலவு தாங்காமல் நின்றுவிடும் என்றனர். அவர்களுடைய வருத்தம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் அவர்களுள் மூத்தோர் பலர் வேறுவிதமாகச் சொல்கின்றனர். தூரத்தில் நின்று இன்னும் ஐம்பது ஆண்டு காண்பது மேல். அருகில் நின்று இன்னொரு விபத்தோடு எல்லாவற்றையும் இழப்பது கீழ் என்கின்றனர். எனக்கும் அதுவே நியாயமாகத் தோன்றுகிறது.

இறுதியாக ஒன்று. அபிமானிகளை அதிகம் கவர்வது இயந்திர ஒலி. ஸ்பிற்பயரின் பன்னிரு உருளை மேர்லின் இயந்திரம் முழங்கும்போது முதியோர் கண்ணீர் விடுவர் என்பர். அந்த ஒலி அவர்களுக்குத் தம் நாட்டைக் காத்த ஒலி. ஆனால் அதே மேர்லின் இயந்திரங்கள் நான்கு பூண்ட லங்காஸ்ரரின் ஒலியை 1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் நகர மக்களும் கேட்டனர். அத்தாக்குதல்களில் அங்கே மாண்டோர் 25,000 பேர் வரை என 2010 இல் வரலாற்றறிஞர் குழுவொன்று முடிவு கூறியது. அந்த விமானப் பிரிவிற் சேவை செய்து இறந்த இளைஞர்களும் 55,000க்கு மேற்பட்டவர்கள். 

நம் தீவும் இக்கதைக்குப் புறம்பானதன்று. 1942 ஏப்பிரில் 5, ஈஸ்ரர் ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழுந்து எதிர்த்தன. நான்காம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. ஆகவே ஹரிக்கேனின் ஒலி ஒரு காலத்தில் இங்கும் காவலின் ஒலியாக இருந்தது. அதன்பின் வந்த யுத்த காலத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விமானச் சத்தம் கேட்டால் அடுப்பிற் சோற்றை விட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடிய தாய்மார் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். விமானத்தின் மேலே இருப்பவனுக்கு ஒரு வரலாறும் கீழே இருப்பவனுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. காட்சித் திடலின் ஒலிபெருக்கி முதலாவதை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை.

அதற்காக அவ்விமானங்களை உருக்கிவிடுக என்று நான் சொல்லவில்லை. நான் படித்த மிஷன் கல்லூரியில், வாட்கள் உழுபடைகளாகும் ஒரு நாளைப் பற்றிக் காலைப் பிரார்த்தனையில் வாசிப்பார்கள். நம் வீடுகளிலோ நவராத்திரி முடிவிற் கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டுப் பூசையில் வைக்கிறோம். இரண்டும் கருவியைக் கைக்கொண்டவனுக்கு அடக்கத்தைக் கற்பிப்பவை. 2018 இல் லிங்கன் நகரில் திறக்கப்பட்ட குண்டுவிமானப் பிரிவு நினைவு நிலையத்தார் தம் வீரர் பெயர்களைப் பொறித்ததோடு, குண்டுக்கு உள்ளான மக்களின் வாய்மொழிகளையும் சேர்த்து வைத்திருக்கின்றனர். விமானக் காட்சிகளும் அந்த வழியிற் செல்லலாம்.

ஆகவே என் முடிவு இது. பல எஞ்சியிருக்கும் வகை விமானங்கள் பறக்கட்டும். ஒன்றே எஞ்சியிருப்பது ஓய்வு கொள்ளட்டும். பறப்பவை வழிப்போக்கனின் தலைக்கு மேலே சாகசம் செய்யாதிருக்கட்டும். அவற்றின் கதையைச் சொல்வோர் மேலே இருந்தவரையும் கீழே இருந்தவரையும் ஒருங்கே நினைத்துச் சொல்லட்டும். இதற்கு உடன்படாத நண்பர்கள் இங்கே இருப்பார்கள் என்பதை அறிவேன். அவர்களுடைய மறுப்பைக் கேட்க ஆவலாயிருக்கிறேன்.