கடைசி ஒரு மைல்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கடல் தொழிலாளர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

விழா மேடைகளில், கட்டி முடித்த கோவிலைப் பற்றியும் கட்டப்போகும் மண்டபத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நாம் வேறொன்றைப் பற்றிப் பேச விரும்புகிறோம். சென்ற மாதக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து நின்று கேட்டார்: "சாமி, வெளிநாட்டுப் பாய்ப்படகு ஏதாச்சும் நம்ம கடல்ல வந்து தடுமாறுனா, நாங்க கிட்டப் போகலாமா, போகக்கூடாதா?"

கூட்டம் மௌனமாயிற்று. நமக்கும் உடனே பதில் வரவில்லை. அந்த இளைஞர் யாருடைய பேரன் என்பதும், அவர் ஏன் கேட்கிறார் என்பதும் இங்கே பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில் ஒரு மாலை. வாடைக் காற்று தணியாமல் வீசிக்கொண்டிருந்தது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், வெள்ளைப் பாய்ப்படகு ஒன்று முகத்துவாரத்தை நோக்கி வருவதைக் கண்டார். பாய் கிழிந்திருந்தது. படகு போகும் போக்கிலேயே சுக்கானிலும் கோளாறு என்று அவருக்கு விளங்கிவிட்டது. அத்தகைய படகுகளின் ஏரா ஐந்தடி, ஆறடி நீருக்குள் இறங்கியிருக்கும். நம் முகத்துவாரத்திலோ அந்நேரம் மணல்திட்டின் மேல் இடுப்பளவு நீர்தான். இன்னும் கால் மணி நேரம் விட்டிருந்தால் படகு மணலில் மோதியிருக்கும். பின்னால் வரும் அலை அதைப் புரட்டிப் போட்டிருக்கும்.

பெரியவர் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பைபர் படகில் பாய்ந்தார். பாஷை தெரியாது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வீசி, அவர்களுக்கும் மணல்திட்டுக்கும் நடுவிலே தம் படகைக் குறுக்கே நிறுத்தினார். பிறகு கையைக் காட்டி அழைத்துப்போய், அடியில் சேறு உள்ள இடமாகப் பார்த்து நங்கூரம் போடச் செய்தார். படகில் இருந்தவர்கள் இருவர்: வயதான கணவனும் மனைவியும். அன்றிரவு முழுவதும் பெரியவர் அவர்களுக்கு அருகிலேயே தம் படகை நிறுத்தியிருந்தார்.

மறுநாள் காலை, ஆங்கிலம் பேச ஆள் வேண்டுமென்று நம்மைக் கூட்டிப்போனார்கள். குருமடத்தில் நாம் கற்ற இலத்தீனும் தத்துவமும் அலையின்முன் பயன்படவில்லை. போகும் வழியெல்லாம் வாந்திதான்! அந்த அம்மையார் நன்றி சொல்லிப் பணத்தை நீட்டியபோது, பெரியவர் அதைத் தொடவில்லை. "ஒரு டீ கொடுக்கச் சொல்லுங்க சாமி, போதும்" என்றார். வலை பின்னும் கைகள் பாயைத் தைத்துக் கொடுத்தன. சுக்கானுக்கும் ஒருவாறு கட்டுப் போட்டார்கள். மூன்றாம் நாள் அவர்கள் சென்னையை நோக்கிப் புறப்பட்டார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை. ஓர் அலுவலகத்திலிருந்து பெரியவரை அழைத்தார்கள். "அந்நியப் படகு அருகே ஏன் போனாய்? இரவே ஏன் சொல்லவில்லை? என்ன வாங்கினாய்?" என்று அரை நாள் உட்கார வைத்துக் கேட்டார்கள். அடிக்கவில்லை, வையவில்லை. ஆனால் சந்தேகத்தோடு பார்த்தார்கள். தம்மோடு வரும்படி அவர் நமக்கு ஆள் அனுப்பியிருந்தார். நாம் போகவில்லை. அன்று பள்ளியில் ஒரு கூட்டம் இருந்தது. ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்தனுப்பினோம். பின்னர் அவரைப் பார்த்தபோது அவர் சொன்னது இதுதான்: "உதவுனதுல வருத்தமில்ல சாமி. அங்க தனியா உக்காந்திருந்ததுதான் வருத்தம்."

அந்தப் பெரியவர் நம் பங்கைச் சேர்ந்தவரல்லர். குப்பத்து அம்மன் கோவிலில் தீ மிதிப்பவர். ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியன் கதையை நாம் பல முறை பிரசங்கித்திருக்கிறோம். அன்று அந்தக் கதையில் நாம் எந்த வேடத்தில் இருந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் நமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

அன்பர்களே, கடலில் வருகிறவனுக்கு உள்ளூரான் செய்யும் உதவி நம் கரைக்குப் புதிதன்று. கடலூர் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் கரையோரம் வர இயலாதிருந்தது. வெளியே நங்கூரமிட்டு நின்றன. சரக்கைத் தோணிகளே கொண்டுவந்தன. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித தாவீது கோட்டை என்று பெயரிட்டார்கள். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது, இந்தக் கோட்டையே சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமை இடமாயிற்று. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த அந்தக் கப்பல்களுக்கும், அலை உடையும் கடைசித் தூரத்தைக் கடக்க நம் முன்னோரின் கை வேண்டியிருந்தது.

சென்னையிலும் அப்படியே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும்வரை, கப்பலில் வந்தவர் யாராயினும் மசூலாப் படகில் இறங்கித்தான் கரை சேர வேண்டும். பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு அலையின் அறையில் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அதன் பக்கத்திலேயே கட்டுமரக்காரர் செல்வர், கவிழ்ந்தால் விழுந்தவரைத் தூக்க. பரங்கிப்பேட்டையின் பெயரே கடல் வழி வந்த விருந்தாளியின் பெயர்தானே! போர்த்துகீசியர் அதைப் புதுத் துறைமுகம் என்று தங்கள் மொழியில் போர்ட்டோ நோவோ என்றனர். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் வழி தெரியாதவன் அரை மணியில் திகைத்துப்போவான். கிள்ளைத் தோழர்கள் கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் போடுவார்கள். கடல் முழுவதையும் அறிந்தவனுக்கும் கடைசி ஒரு மைல் தெரியாது. அது அங்கே வாழ்கிறவனுக்கே தெரியும்.

இதை உலகத்துச் சிறு படகோட்டிகளும் உணர்ந்திருக்கிறார்கள். ஜோஷுவா ஸ்லோகம் என்பவர் 1895இல் பாஸ்டனிலிருந்து 'ஸ்பிரே' என்னும் சுமார் 37 அடிப் பாய்ப்படகில் தன்னந்தனியாகப் புறப்பட்டு, 1898இல் உலகைச் சுற்றி முடித்தார். தனி ஒருவராய் அப்படிச் சுற்றியவரில் அவரே முதல்வர். தென் அமெரிக்காவின் தென்கோடியில், மகெல்லன் நீரிணையில், சாம்பிளிச் என்னும் உள்ளூர்க் கப்பல்காரர் அவருக்கு ஒரு பை நிறையக் கம்பள ஆணிகளைக் கொடுத்தார். 'இரவில் தூங்குமுன் படகின் மேல்தளத்தில் இவற்றைத் தூவிவிடுங்கள். நீங்கள் மட்டும் மிதித்துவிடாதீர்கள்' என்பது அவருடைய யோசனை. சில நாள் கழித்து ஓர் இரவு, வெறுங்காலோடு படகில் ஏறியவர்கள் அலறிக்கொண்டு தண்ணீரில் குதித்து ஓடினார்கள். ஸ்லோகமுடைய உயிரைக் காத்தது துப்பாக்கியன்று. அந்த இடத்தை அறிந்த ஒருவர் கொடுத்த ஒரு பை ஆணி.

இத்தகைய உதவியை ஓர் ஒழுங்காகவே அமைத்தவர்களும் உண்டு. 1954இல் ஹம்ப்ரி பார்ட்டன் என்னும் ஆங்கிலேயர் பெருங்கடல் படகோட்டிகளுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். சிறு படகில் நில்லாமல் 1,000 கடல் மைல் போனவர்தாம் அதில் முழு உறுப்பினராகலாம். அச்சங்கத்துக்குப் பல நாட்டுத் துறைகளிலும் 'போர்ட் ஆபீசர்' என்று பெயர் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அரசாங்க அதிகாரிகளல்லர், ஊதியமும் கிடையாது. எங்கே நங்கூரம் போடலாம், நல்ல தண்ணீர் எங்கே, தச்சர் யார், வைத்தியர் யார், எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும் என்று வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே அவர்கள் வேலை. 1952இல் கலிபோர்னியாவில் தோன்றிய ஏழு கடல் படகோட்டிகள் சங்கமும் இவ்வாறே பல ஊர்களில் உதவியாளர்களை வைத்தது. விருந்தாளிக்கும் அது ஒரு கடமை விதித்தது: பின்னால் வருகிறவனுக்கு வரவேற்பு கெடாதபடி, போன இடத்தில் நல்ல பெயரை விட்டுவர வேண்டும். உதவி செய்கிறவனுக்கு மட்டுமன்றி, பெறுகிறவனுக்கும் அறம் உண்டு.

நம் மறைநூலிலும் இந்தக் காட்சி இருக்கிறது. புனித சின்னப்பர் கைதியாக உரோமைக்குப் போன கப்பலில் 276 பேர் இருந்தார்கள். பதினான்கு நாள் புயலில் அலைக்கழிந்த பின் கரை தெரிந்தது. ஆனால் எந்த ஊர் என்று எவருக்கும் தெரியவில்லை. முகத்துவாரத்துப் பெரியவரைப் போல ஒருவர் அங்கே குறுக்கே வந்து நிற்கவில்லை. கப்பல் மணல்திட்டில் மோதி உடைந்தது. நனைந்து நடுங்கிக் கரையேறியவர்களுக்கு மால்டாத் தீவினர் தீ மூட்டினார்கள். யார், எந்தச் சமயம், கைதியா காவலனா என்று முதலில் விசாரிக்கவில்லை. மூன்று மாதம் வைத்துக் காப்பாற்றி, போகும்போது வேண்டியவற்றையும் கொடுத்தனுப்பினார்கள். அவர்களும் நம் பெரியவரைப் போலவே நம் மறையைச் சேராதவர்கள்தாம். திருச்சபையும் பிற்காலத்தில் இப்பணியைத் தன் பணியாக ஏற்றது. 1920இல் ஸ்காத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் தொடங்கப்பட்ட கடல் தொழிலாளர் திருப்பணியைப் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1922இல் ஆசீர்வதித்து அங்கீகரித்தார். 'ஸ்தெல்லா மாரிஸ்', அதாவது கடலின் விண்மீன் என்ற பெயரில் அது இன்றும் துறைமுகங்களில் நடந்து வருகிறது.

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம். அதிகாரிகளின் சந்தேகத்தை நாம் வீண் என்று தள்ள மாட்டோம். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் ஒரு மீன்பிடி விசைப்படகைக் கைப்பற்றித்தானே வந்தார்கள்? அதன் பிறகே நம் கைகளுக்கு அடையாள அட்டை வந்தது. கரைக்குக் காவல் வந்தது. அவர்களும் நம் உயிருக்காகத்தான் விழித்திருக்கிறார்கள். ஆகவே நம் பதில் இது: போகலாம். போக வேண்டும். ஆனால் முறையோடு போக வேண்டும்.

முதலாவது, படகைத் தள்ளும்போதே தொலைபேசியை எடுங்கள். கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. வானொலிக் கருவி வைத்திருப்போர் வி.எச்.எப். 16ஆம் சேனலில் கூப்பிடலாம். அன்று நாம் செய்யாமற்போனது இதுதான். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

இரண்டாவது, ஒரே படகாய்ப் போகாதீர்கள், இரண்டாகப் போங்கள். மூன்றாவது, ஆழம் எது, திட்டு எது என்று காட்டுங்கள். உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி அவர்கள் படகில் ஏறாதீர்கள். எந்தப் பொருளையும் வாங்கிக் கரைக்குக் கொண்டுவராதீர்கள். அவர்களுக்குக் குடியேற்றச் சோதனையும் சுங்கமும் உண்டு. அவை முடியும்வரை அவர்களைத் தரையிறக்குவதும் நம் வேலையன்று. நான்காவது, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், படகின் பெயர் என்ன, யாருக்குச் சொன்னீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஐந்தாவது, நமக்காக நாமே எடுத்துக்கொள்ளும் பிரமாணம். உதவி செய்தவரை எந்த அலுவலகம் அழைத்தாலும், அவர் நம் பங்கினராயினும் அல்லாதவராயினும், அவரோடு பங்குத்தந்தையும் நாட்டார் ஒருவரும் போவார்கள். பள்ளிக் கூட்டம் காத்திருக்கும். நாம் மாற்றலாகிப் போனாலும், வருகிற தந்தை இதை அறியும்படி பங்குப் பேரவைப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். ஆங்கிலம் தெரிந்த மாணவ மாணவியர் மூவரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

'வருஷத்துக்கு ஒரு படகுகூட வராத கடலுக்கு இத்தனை ஏற்பாடா?' என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான், அந்தமானிலிருந்து வரும் பாய்ப்படகுகள் பெரும்பாலும் இலங்கைக்கும் கொச்சிக்குமே போகின்றன. ஆனால் கடலில் யார் என்றைக்கு விருந்தாளியாவார் என்று யார் கண்டது? இலங்கையில் வல்வெட்டித்துறைத் தமிழர் கட்டிய 'அன்னபூரணி' என்ற 89 அடிப் பாய்க்கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றி வந்த ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தார்கள். அங்கே கடைசி ஒரு மைல் அறியாதவர்கள் நம்மவர்கள்தாம். இன்றும் நம் பிள்ளைகள் வளைகுடாவிலே பிறர் படகுகளில் தொழில் செய்கிறார்கள். இயந்திரம் நின்று, காற்று இழுத்த கரைக்கெல்லாம் ஒதுங்கியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கஞ்சி வார்த்த கையின் மொழி நமக்குத் தெரியாது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்திலும், மீனவர் தம் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போனார்கள். அழைப்புக் கடிதத்துக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. அந்த மனம் சந்தேகத்தால் வற்றிவிடக் கூடாது. கோவிலுக்கு ஐம்பது வயதாயிற்று என்று மகிழ்கிறோம். அந்த மனத்துக்கு வயது அதைவிட அதிகம்.

பெரியவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. இன்று நம் அழைப்பை ஏற்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, அன்று உம்மைத் தனியே உட்கார விட்டதற்காக இந்தச் சபையின் முன் உம்மிடம் மன்னிப்புக் கேட்கிறோம். உம் பேரனின் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. இனி இந்தக் கரையில் எவரும் தனியே உட்கார வேண்டியிராது.

கடலின் விண்மீனாகிய அன்னை நம் படகுகளையும், நம் கரை தேடி வரும் படகுகளையும் காத்தருள்வாராக.