அரிய உலோகமும் எளிய தனிமமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வனஸ்பதியை அறியாத இல்லம் நம் காலனியில் இராது. தாவர எண்ணெயுடன் ஹைட்ரஜனைச் சேர்த்தே அதனை உறையச் செய்கின்றனர். ஆயினும் அவ்விரண்டும் தாமாக இணைவதில்லை. இடையே நிக்கல் தூள் வேண்டும். மணத்தை முடித்துவைத்து விலகி நிற்கும் தரகரைப்போல, வினையை நிகழ்த்திவிட்டுத் தான் மாறாது நிற்பதே வினையூக்கி. இத்துறையில் உழைத்த பிரெஞ்சு அறிஞர் பால் சபாட்டியே 1912-இல் நோபெல் பரிசு பெற்றார்.

நிக்கல் இடைநிலை உலோகங்களுள் ஒன்று. மருந்துகள் ஆக்குவதற்கோ அவ்வினத்தைச் சேர்ந்த பலேடியம், பிளாட்டினம், ரோடியம் ஆகியவற்றையும் நாடுகின்றோம். இவை மிக அரியன. பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலும் ரஷியாவிலுமே அகழப்படுகின்றன. மருந்தில் இவற்றின் எச்சம் மிகாதவாறு நீக்குவதும் தனிச் செலவு.

மறுபுறம், புவியோட்டின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கு சிலிக்கன். 8 பங்கு அலுமினியம். இவையும் போரான், பாஸ்பரஸ் போன்றனவும் முதன்மைத் தொகுதித் தனிமங்கள். ஹைட்ரஜனைப் பிளந்து மீண்டும் விடுக்கும் திறன் இவற்றுக்கு இல்லையென்றே நெடுநாள் எண்ணியிருந்தோம்.

2006-இல் கனடாவில் டக்ளஸ் ஸ்டீபன் குழுவினர் அவ்வெண்ணத்தை மாற்றினர். எலெக்ட்ரான் இணையை ஈயவல்லது பாஸ்பரஸ், ஏற்கவல்லது போரான். இரண்டும் தம்முள் பிணைவதே இயல்பு. ஆனால் அவற்றைச் சுற்றிப் பருத்த அணுக்கூட்டங்களை அமைத்து, நெருங்கவொட்டாது தடுத்தனர். இரயில் நிலையத்தில் பெட்டி படுக்கைகளைச் சுமந்து நிற்கும் இரு நண்பர் தழுவ இயலாது தவிப்பதை ஒப்பது இந்நிலை. இடையே வந்த ஹைட்ரஜனை ஆளுக்கொரு பாதியாகப் பற்றின! 100 பாகைக்கு மேல் சூடேற்றியதும் அதனை விடுத்தன. மறு ஆண்டே, சில கரிமச் சேர்மங்களுடன் உலோகமின்றியே ஹைட்ரஜனைச் சேர்த்துக் காட்டினர்.

இதனால் பலேடியத்தின் காலம் முடிந்ததென்று கூறோம். புதிய ஊக்கிகளுட் பல, காற்றும் ஈரமும் பட்டால் கெடுகின்றன; மிகுதியான அளவும் வேண்டப்படுகின்றன. மண்ணில் மலிந்திருப்பதனாலேயே ஒரு பொருள் தூயதாகிவிடாது. அலுமினியத்தைப் பிரிக்கப் பெருமளவு மின்சாரம் வேண்டுமன்றோ?

எனினும் வழி திறந்துவிட்டது. அரிய உலோகம் தீர்ந்தபின் மாற்றுத் தேடுவது அறிவுடைமை ஆகாது. இளைஞர்களே! பாடநூல் 'இயலாது' என்று கூறுமிடத்தில், 'எவ்வாறு அமைத்தால் இயலும்?' என்று வினவுங்கள். அவ்வினா நம் காலனியிலும் எழுவதாகுக.