கைப்பேசியில் வரும் அவதூறும் சட்டம் தரும் பரிகாரமும்



மூன்று ஆண்டுகளுக்கு முன், நோன்பு மாதத்தில், எங்கள் மளிகைக் கடையைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. நாங்கள் விற்கும் ஆட்டிறைச்சி ஹலால் இல்லையாம். நான்கே வரி, எழுதியவர் பெயர் கிடையாது. வாப்பா காலத்து வாடிக்கையாளர்கள்கூட வாசலோடு திரும்பினார்கள். வாப்பா கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

கோபத்தில் நாங்களும் பதில் எழுதினோம். அதுவரை அந்தச் செய்தியைப் பார்க்காதவர்களும் அப்போதுதான் தேடிப் பார்த்தார்கள்! பிறகே வழக்கறிஞரிடம் போனோம். "ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தேதி, நேரம், அனுப்பியவர் எண், குழுவின் பெயர் எல்லாம் தெரிய வேண்டும். அனுப்பியவர் அழித்துவிட்டால் நம் கையில் ஒன்றும் இருக்காது.

சிங்கப்பூரில் அவதூறு வழக்கை ஆறு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். எழுத்தில் வந்த அவதூறுக்கு நட்டக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. எழுதியது உண்மை என்று எதிர்த்தரப்பு நிரூபித்தால் வழக்கு நிற்காது. 60,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கும். ஆனால் வழக்கறிஞர் செலவை யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பணத்தைவிட அந்தப் பொய் நிற்பதுதான் முக்கியம். அதற்கு 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. 2021 ஜூன் முதல் இதற்கென்றே தனி நீதிமன்றம் இயங்குகிறது. பொய்த் தகவலை நிறுத்தவும் திருத்தம் வெளியிடவும் ஆணை கேட்கலாம். தனிமனிதர் மட்டுமல்ல, நிறுவனமும் கேட்கலாம்.

"நான் எழுதவில்லையே, அனுப்பத்தானே செய்தேன்" என்று நம் வீடுகளில் சொல்கிறோம். அப்போதைய பிரதமர் தொடுத்த வழக்கில், 2021இல் உயர் நீதிமன்றம் ஒருவருக்கு 133,000 வெள்ளி இழப்பீடு விதித்தது. அவர் செய்தது, ஒரு கட்டுரையை ஃபேஸ்புக்கில் பகிர்ந்ததுதான். சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சில நாளில் நீக்கியும் விட்டார்.

எங்கள் விவகாரம் நீதிமன்றம் வரை போகவில்லை. அனுப்பியவர்களில் அடையாளம் தெரிந்த ஒருவருக்கு வழக்கறிஞர் கடிதம் போனது. வேறு யாருமில்லை, எங்களுக்கு வேண்டியவர்தான். அதே குழுவில் திருத்தம் போட்டு, கடைக்கு நேரில் வந்து வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் வாப்பா கல்லாவில் உட்கார்ந்தார்கள். முதலில் எழுதியவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.