துப்பறியும் படங்களின் ஈர்ப்பு



1931இல் பேசத் தொடங்கிய தமிழ்ப்படம் புராணங்களையே பெரிதும் பாடிக்கொண்டிருந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல் 1935இல் 'மேனகா'வாகி, நம் வீட்டுக் கூடத்திலும் வஞ்சகம் குடியிருக்கும் என்று காட்டிற்று. அவர் கதையே 1950இல் 'திகம்பர சாமியார்' ஆயிற்று. நம்பியார் வேடத்தின்மேல் வேடம் புனைந்து, பொய்யைக் கொண்டே உண்மையைப் பிடித்தார்.

1954இல் வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாட்டையே துறந்தது. சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டுக் கதை. வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். ஒவ்வொருவர் வாய்மொழியிலும் வேறொருவனாகிறான். 'கொன்றவர் யார்?' என்று அமர்ந்தவர், 'இறந்தவன் யார்?' என்று எழுகிறார்.

கவிஞர்களே, மறைத்துவைத்தது வெறும் விடையானால் ஒருமுறையோடு தீரும்; மனிதனானால் வாசகர் மீண்டும் வருவர்.