கூடிச் சென்றால் கூடி அமர்வோம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நம் காலனிக் குடும்பங்கள் ஒன்றுகூடி இசையரங்குக்கும் நாட்டியத்துக்கும் செல்வது நல்ல வழக்கம். அதற்கு நுழைவுச் சீட்டு வாங்குவதைப் பற்றி, ரயில்வேயில் எழுத்தனாகப் பணிபுரியும் யான் சில கூற விழைகிறேன்.

எண்கள் அடுத்தடுத்து அமைந்தால் இடங்களும் அடுத்தடுத்து அமையும் என்று பலர் நம்புகின்றனர். தூங்கும் வசதி வண்டியில் 8, 9 என்னும் எண்களைப் பாருங்கள். ஏட்டிலே அவை அண்டை வீடுகள். வண்டியிலோ 8 நடைபாதையை ஒட்டிய மேற்படுக்கை. 9 அடுத்த தடுப்பின் கீழ்ப்படுக்கை!

அரங்குகளிலும் இதே கதைதான். இரண்டு எண்களுக்கு இடையே நடைவழி குறுக்கிடலாம், தூண் மறைக்கலாம். மும்பையில் 1963இல் திறக்கப்பெற்று, 1990இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பின் 1998இல் மீண்டும் திறக்கப்பெற்ற சண்முகானந்த அரங்கில் 2,700க்கு மேற்பட்ட ஆசனங்கள் உள்ளன; கீழ்த்தளத்துக்கு மேல் இரண்டு மாடங்கள். அத்தகைய பேரரங்கிலே பாதிப் பேர் கீழும் பாதிப் பேர் மேலுமாகப் பிரிந்தால், இடைவேளையிலன்றி ஒருவர் முகம் ஒருவர் காண்பதரிது.

ஓராண்டு வேறோர் அரங்குக்கு அவரவர் தனித்தனியே சீட்டு வாங்கிச் சென்றனர். மூதாட்டி ஒருவருக்கு மாடத்திலே தனி ஆசனம் வாய்த்தது. ராகத்தின் பெயரைச் சொல்லி மகிழ அருகில் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. மறுமுறை அழைத்தபோது, “எனக்கெதற்கப்பா, நீங்கள் போய் வாருங்கள்” என்று கூறிவிட்டார். பணம் போனால் ஈட்டிக்கொள்ளலாம். அந்த ஆவலை எங்கே ஈட்டுவது?

ஆகவே பணம் செலுத்துமுன் ஆசன வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். மேடை எங்கே, வாயில் எங்கே, படிகள் எத்தனை என்று அறிந்துகொள்ளுங்கள். படியேற இயலாதவர், பார்வை குன்றியவர், கைக்குழந்தையுடன் வருபவர் ஆகியோரை முதலில் எழுதி, அவர்களுக்குரிய இடத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். முதியவருக்கு நடைவழி ஓரமும், அவருக்கு அடுத்த ஆசனம் துணைவருவோர்க்கும் ஆகட்டும். பன்னிருவர் ஒரே வரிசையில் நீண்டு அமர்ந்தால் இரு முனையிலிருப்பவரும் பேசிக்கொள்ள இயலாது. முன்னும் பின்னுமாக அறுவர் அறுவராக அமர்வதே நன்று. முதல் வரிசையே சிறந்ததென்றும் மயங்கவேண்டா. மேடை உயர்ந்திருந்தால் அங்கே கழுத்து நோகும். நாட்டியத்தில் பாதங்களும் மறையும். அனைவர்க்கும் சேர்த்து, காலம் தாழ்த்தாது, ஒரே முறையில் வாங்குங்கள்.

ஊரை விட்டு வந்த நமக்கு உறவு என்பது அருகிலிருப்போரே. அவர்கள் அரங்கிலும் அருகிலேயே இருக்குமாறு பார்த்துக்கொள்வது நம் கடமை.