கலப்பையோடு கைப்பழக்கமும்

பழைய மாமல்லபுரம் சாலையில் படூரைத் தாண்டிப் போகிறவர் கண்ணில் இன்று படுவதெல்லாம் அடுக்குமாடி வீடுகளும் கல்லூரிக் கட்டடங்களும்தான். ஆனால் இந்தச் செங்கல்பட்டுச் சீமை ஏரிகளுக்குப் பேர்போனது. சித்திரை, வைகாசியில் விதைத்தால் சொர்ணவாரி, ஆடி, ஆவணியில் சம்பா, மார்கழி, தையில் நவரை என்று பட்டம் தவறாமல் நெல் விளைந்த பூமி இது.

டிராக்டர் வந்தது, உழவு மாடு போயிற்று. அறுவடை இயந்திரம் வந்தது, களத்துமேடு வெறிச்சோடியது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உழவரின் உடம்பு நோவு குறைந்திருக்கிறது. ஆனால் பரணில் ஏறிய கலப்பையும் நுகத்தடியும் வீட்டை இடித்துக் கட்டும்போது விறகாகின்றன. மிச்சம் இருப்பதைப் போகிப் பண்டிகை கொண்டுபோகிறது.

இப்படி அழிய இருந்ததைக் காப்பாற்றிய இடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேளம்பாக்கம், கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளை, 1996 டிசம்பரில் 10 ஏக்கரில் இதைத் திறந்தது. தென்னிந்தியாவின் பல ஊர்களில் இடிபட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து எடுத்துவந்து, மரபு தெரிந்த தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு என்ற வரிசையில் விவசாயி வீடும் உண்டு. சுவீடனில் ஆர்தர் ஹாசேலியஸ் 1891இல் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தை அமைத்தாரே, அந்த வழியில் வந்த முயற்சி இது.

பொருளைக் காப்பது பாதி வேலை. அதைக் கையாண்டவரின் அறிவையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றோரம் ஒரு தூண், அதன்மேல் நீண்ட துலாமரம், முனையில் ஒரு கழி, கழியில் சால். மரத்தின்மேல் ஒருவர் கிணற்றை நோக்கி நடந்தால் சால் இறங்கும். பின்னால் நடந்தால் ஏறும். கீழே நிற்பவர் சாலைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். இருவரின் காலும் கையும் தப்பாமல் சேர்வதற்குப் பாட்டு. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் அந்தப் பாட்டுக்குள்ளேயே ஓடும். பாட்டு போய்விட்டால் அருங்காட்சியகத்தில் நிற்பது வெறும் மரம்.

மரக்காலும் அப்படித்தான். களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார். ‘லாபம்’ என்று சொல்லித்தான் தொடங்குவார். பித்தளைப் பூண் போட்ட மரக்காலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ‘நெல் அளக்கும் கருவி’ என்று எழுதி ஒட்டினால் அந்த ‘லாபம்’ எங்கே போயிற்று?

எழுதி வைக்கும் பழக்கம் நம் சீமைக்குப் புதிதல்ல. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையில் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் எழுதிய ஓலைக் கணக்குகள் அதற்கு அடிப்படை. நிலம், ஏரி, குடிகள், அவரவர் தொழில், மானியம் எல்லாம் அதில் உண்டு. இந்தக் கணக்குகளை ஆராய்ச்சி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் காந்தியவாதி தரம்பால். பக்கத்து ஊரான திருப்போரூரின் கணக்கு பின்னாளில் நூலாகவே அச்சாகியிருக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய திருப்போரூர் நமக்குத் தெரிகிறது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய நம் ஊர் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்றால், அது நம்முடைய குறை.

இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். ஊர்ப் பள்ளியில் ஓர் அறை, நூலகத்தில் ஒரு மூலை போதும். கதிர் அரிவாள், பரம்பு, இறைகூடை, முறம், குதிர் என்று கிடைப்பதைச் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இன்ன தெருவிலிருந்து வந்தது, இன்ன மரத்தில் செய்தது, எந்தப் பட்டத்தில் எந்த வேலைக்கு எடுப்பார்கள் என்று எழுதி வையுங்கள். நாற்று நட்ட அம்மாக்களையும் ஆயாக்களையும் விட்டுவிடாதீர்கள். நடவுப் பாட்டும் விதைநெல்லைப் பாதுகாத்த பக்குவமும் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கின்றன. கூலிக்கு உழைத்தவரின் பேச்சு இல்லாமல் நிலம் வைத்திருந்தவரின் பேச்சு மட்டும் பதிவானால், அது ஊரின் வரலாறு ஆகாது.

எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. இந்த வாரமே உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் கேளுங்கள்: நம் ஊர் மரக்காலுக்கு எத்தனை படி? ஏரி மதகை யார் திறப்பார்? கலப்பை செய்த ஆசாரிக்கு என்ன கூலி? சொல்லச் சொல்லப் பதிவு செய்யுங்கள். போகிக்கு முன்னால் ஒருமுறை பரணில் ஏறிப் பாருங்கள். நுகத்தடி இருந்தால் அதை நெருப்பில் போடாமல் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள். அதைப் பூட்டத் தெரிந்தவரையும் கூடவே அழைத்துப் போங்கள்.