விழுந்தால் சொல்லுங்கள்

(நமது முதியோர் மன்றத்தின் நவம்பர் மாத ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"குளிர் வருகுது, வீட்டில கவனமாய் இருக்கிறதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கோ" என்று முதியோர் மன்றத்தில் கேட்டார்கள். அன்று சொன்னதை இந்த ஆண்டு நிறைவு மலருக்கு எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டபோது சந்தோஷப்பட்டேன். அன்று பாடசாலையில் இருந்த பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் அல்லவா? அவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

நான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாதிப் பயிற்சி பெற்றவள். ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் முதியோர் நடுவிலேயே என் வேலை. ஆனால் தாதியாகப் பேசுவதற்கு முன், ஒரு மகளாக என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். அனுமதி தந்த அம்மா அன்று முன்வரிசையில் இருந்து என்னை முறைத்துக்கொண்டுதான் இருந்தா.

சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர். மழை பெய்து ஓய்ந்த மாலை. எங்கள் வீட்டுப் பின்படியில் மேப்பிள் இலைகள் நனைந்து ஒட்டிக் கிடந்தன. குசினிக் கழிவைப் பச்சைத் தொட்டியில் போட அம்மா ரப்பர் செருப்போடு இறங்கினா. வழுக்கிவிட்டது. கையை ஊன்றி விழுந்தா. எழும்பி, உடுப்பை மாற்றி, நான் வேலையால் வரும்போது ஒன்றும் நடக்காதது போலத் தேத்தண்ணி போட்டுத் தந்தா.

சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும்தான். அந்தச் சனிக்கிழமை பிட்டு அவித்தா. அடுத்த சனிக்கிழமை பாண். "என்னம்மா, இடியப்பம் இல்லையோ?" என்று கேட்டேன். "மாக் காணாது பிள்ளை" என்றா. நான் நம்பினேன். இடியப்ப உரலைப் பிழிய மணிக்கட்டில் பலம் வேண்டும் என்று எனக்கு ஓடவில்லை. நாள் முழுக்க மற்றவர்களின் அம்மாமாரைக் கவனிக்கிறவள், சொந்த அம்மாவின் கையைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் மன்றத்தில் அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கும் அன்ரி. அம்மா இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கியதைக் கண்டு, விடாமல் கேட்டு, உண்மையைப் பிடுங்கிவிட்டா. அன்றிரவே எனக்குத் தொலைபேசி எடுத்தா. "உங்கட அம்மா விழுந்து இரண்டு கிழமை. கையைத் திருப்ப ஏலாமல் இருக்கிறா. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

படம் எடுத்துப் பார்த்தால் மணிக்கட்டு எலும்பு வெடித்திருந்தது. திரும்பி வரும் வழியில் காரில் கேட்டேன், "ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?" அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னா: "சொன்னால் நீ என்ன செய்வாய்? பின்கதவைப் பூட்டுவாய். மன்றத்துக்கும் விடமாட்டாய்."

நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அதைத்தான் செய்திருப்பேன்.

பெரியோர்களே, நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: விழுவது குற்றமல்ல, வெட்கமுமல்ல. விழுந்ததை மறைக்காதீர்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களே, பேரப்பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று: விழுந்தேன் என்று சொல்பவரைத் திட்டாதீர்கள், பூட்டி வைக்காதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

கனடாவில் முதியோர் காயப்பட்டு மருத்துவமனையில் சேர்வதற்கு முதற்காரணம் விழுவதுதான். அப்படிச் சேர்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தங்கள் சொந்த வீட்டிலேயே விழுந்தவர்கள். நவம்பர் மாதத்தை விழுதல் தடுப்பு மாதமாக இந்நாட்டில் கடைப்பிடிக்கிறார்கள். அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளுகிறோம். மாத முடிவில் மாலை 4:45க்கே சூரியன் மறைந்துவிடுகிறது. பகலில் நனைந்த படி இரவில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி ஆகிவிடுகிறது. குளிருக்குப் பயந்து நடையைக் குறைக்கிறோம். நடை குறையக் காலின் பலமும் குறைகிறது.

இனி உங்கள் வீட்டை ஒருமுறை என்னோடு சுற்றி வாருங்கள்.

முதலில் வாசலும் படியும். நனைந்த இலையைக் கூட்டிவிடச் சொல்லுங்கள். கைபிடி ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். வாசல் விளக்கை மாலை நாலு மணிக்கே போட்டுவிடுங்கள். உப்பு வாளியைக் கதவுக்கு உள்ளே வையுங்கள், வெளியே வைத்தால் அதை எடுக்கப் போகும்போதே வழுக்கும்.

அடுத்தது படுக்கை அறை. இரவில் எழும்பும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் இருங்கள். இரத்த அழுத்தக் குளிசை எடுப்பவர்களுக்குச் சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். கட்டிலில் இருந்து குளியலறை வரை சிறிய இரவு விளக்கு எரியட்டும். மின்சாரச் செலவு என்று அணைக்காதீர்கள். மரத் தரையில் வெறும் காலுறையோடு நடக்காதீர்கள். குதிக்காலை மூடிய, அடியில் ரப்பர் உள்ள வீட்டுச் சப்பாத்து நல்லது.

குளியலறையில் சுவரில் இறுக்கிப் பொருத்திய கைபிடி வேண்டும். துவாய் தொங்கும் கம்பி உங்கள் பாரத்தைத் தாங்காது. குசினியில், எட்டாத தட்டில் உள்ள பொருளைக் கீழே இறக்கி வையுங்கள். கதிரை மேல் ஏறவே வேண்டாம். நத்தார்ப் பலகாரம் சுடும் நாட்கள் வருகின்றன. எண்ணெய்த் தாச்சியில் தீப் பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடியால் மூடி அடுப்பை நிறுத்துங்கள். அட்வென்ற் மெழுகுதிரியை ஏற்றிவிட்டு அறையை விட்டுப் போகாதீர்கள்.

கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. அது காபன் மொனொக்சைட் வாயு. எரிவாயு ஃபேர்னஸ், அடுப்பு, கணப்பு ஆகியவற்றின் புகைபோக்கி அடைபட்டால் அது வீட்டுக்குள் நிறையும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறும் இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. தலையிடி, குமட்டல், சோர்வு வரும். காய்ச்சல் இல்லாத தடிமன் போலத் தோன்றும். வெளியே போனால் சுகமாகி, வீட்டுக்கு வந்தால் மறுபடி தலையிடித்தால் சந்தேகப்படுங்கள்.

2008இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் ஹோக்கின்ஸ் என்ற குடும்பம், தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும், இந்த வாயுவால் இறந்துபோனார்கள். அவர்கள் வீட்டு எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. வீட்டில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. அந்தத் தாயின் மாமா ஜோன் கினாக் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். அவர் தன் துக்கத்தோடு வீட்டுக்குள் இருந்துவிடாமல் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2013இல் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே ஒன்ராறியோவில் சட்டம் நிறைவேறியது. இன்று உங்கள் வீட்டுச் சுவரில் அந்தக் கருவி இருப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

அதே 2013 டிசம்பரில் வந்த பனிக்கட்டி மழை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில வீடுகளில் நத்தாருக்கும் வெளிச்சம் இல்லை. குளிர் தாங்காமல் சிலர் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டினார்கள், சிலர் ஜெனரேற்றரை உள்ளே ஓடவிட்டார்கள். குளிருக்குத் தப்பப் போய் இந்த வாயுவில் அகப்பட்டார்கள். ஊரில் குசினியில் விறகு எரித்தோம், ஒன்றும் நடக்கவில்லையே என்று நினைக்கலாம். அங்கே ஓலையின் இடுக்கால் காற்று போனது. இங்கே யன்னலும் கதவும் காற்றுப் புகாதபடி அடைத்த வீடு. கரி அடுப்பு ஒருபோதும் உள்ளே வரக் கூடாது.

2026 ஜனவரியில் இருந்து, எரிவாயுக் கருவி உள்ள வீடுகளில் ஒவ்வொரு தளத்திலும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்று ஒன்ராறியோவின் விதி சொல்கிறது. நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவர்களே, கேட்கத் தயங்காதீர்கள். வீட்டுக்காரர் நம் ஆள், கேட்டால் என்ன நினைப்பார் என்று இருந்துவிட வேண்டாம். கருவி சத்தம் போட்டால் உடனே எல்லாரும் வெளியே போய், வெளியே நின்று 911ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒருநாள் விழுந்துவிட்டால்?

உடனே துள்ளி எழும்பாதீர்கள். மூச்சை எடுத்துவிட்டு, எங்கே நோகிறது என்று பாருங்கள். எழும்ப முடியும் என்று தோன்றினால் ஒரு பக்கம் புரண்டு, கைகளையும் முழங்காலையும் ஊன்றி, உறுதியான ஒரு கதிரைக்குத் தவழ்ந்து போங்கள். கதிரையின் இருக்கையில் இரண்டு கைகளையும் வைத்து, பலமான காலைத் தரையில் ஊன்றி, எழும்பித் திரும்பி இருங்கள். முடியாவிட்டால் முயன்று களைக்காதீர்கள். தொலைபேசி எட்டாவிட்டால் சுவரிலோ தரையிலோ தட்டுங்கள். கையில் அகப்படும் துணியால் போர்த்துக்கொண்டு, கால்விரல்களை அசைத்துக்கொண்டிருங்கள். தரையில் நெடுநேரம் கிடந்தால் உடல் குளிர்ந்துவிடும், அழுந்திய தசை பழுதாகும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். விழுந்ததைவிடக் கிடந்ததால் வரும் கெடுதி பெரிதாகிவிடும். தொலைபேசி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும், சாப்பாட்டு மேசையில் வேண்டாம்.

தலை அடிபட்டிருந்தால், அதுவும் இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவராக இருந்தால், நோகாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே இரத்தம் கசிவது உடனே தெரியாது.

ஒருவர் தரையில் எவ்வளவு நேரம் கிடக்கிறார் என்பது, அவரை யார் எப்போது தேடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. நமது முதியோர் மன்றத்தின் அருமை எனக்கு அங்கேதான் விளங்கியது. பாட்டும், சீட்டு விளையாட்டும், கதிரையைப் பிடித்துச் செய்யும் உடற்பயிற்சியும் நல்லவைதான். குதிக்காலை உயர்த்திப் பழகும் அந்தப் பத்து நிமிடம் காலுக்கு உண்மையாகவே பலம் தருகிறது. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம், மன்றத்தில் உங்களுக்கென்று ஒரு கதிரை இருப்பது. அது வெறுமையாக இருந்தால் ஒருவர் கேட்பார், "இண்டைக்கு ஏன் வரேல்லை?"

மன்றத்தில் இந்த நவம்பரில் இருந்து இருவர் இருவராகச் சேர்த்துக்கொள்வோம் என்று கேட்டேன், எல்லாரும் சம்மதித்தார்கள். ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு ஒருவருக்கொருவர் அழைக்க வேண்டும். "எழும்பிட்டியளோ?" என்று கேட்டால் போதும். இரண்டு முறை எடுத்தும் பதில் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மறுமுனையில் இருந்து "விழுந்திட்டன்" என்று வந்தால் அதை மறைத்து வைக்கக் கூடாது. என் அம்மாவின் ஜோடி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பல பத்தாண்டுகளுக்கு முன் இதே ரொறன்ரோவில் முதியோருக்காக ஒரு மன்றம் நடந்தது. அதன் பெயர் செக்கண்ட் மைல் கிளப். இரண்டாம் மைல் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஆண்டவரின் மலைப்பிரசங்கம் நினைவுக்கு வரும். கேட்ட அளவுக்கு மேல் ஒருவரோடு கூட நடப்பதுதான் இரண்டாம் மைல். அந்த அன்ரி அன்றிரவு எடுத்த தொலைபேசியை நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது பிள்ளைகளே, உங்கள் வேலை. ஐந்தே ஐந்து.

ஒன்று: அம்மம்மா, அப்பம்மா, தாத்தா இருக்கும் வீட்டுப் படியில் இலையைக் கூட்டுங்கள். பனி விழுந்தால் உப்புத் தூவுங்கள்.

இரண்டு: மாதத்தில் ஒரு நாள், பெரியவர் ஒருவரோடு சேர்ந்து, எச்சரிக்கைக் கருவிகளின் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

மூன்று: உங்கள் விளையாட்டுக் கார், புத்தகப் பை, சார்ஜர் வயர் எதுவும் நடக்கும் வழியில் கிடக்கக் கூடாது.

நான்கு: அவர்களுடைய தொலைபேசியில் உங்கள் படத்தைத் தொட்டால் அழைப்புப் போகும்படி செய்து கொடுங்கள்.

ஐந்து: சாப்பிடும்போது அவர்களுடைய கையைப் பாருங்கள். நடக்கும்போது காலைப் பாருங்கள். வழக்கமாகச் செய்யும் ஒன்றைச் செய்யாமல் விட்டால், ஏன் என்று அன்பாகக் கேளுங்கள். நான் கேட்டேன், ஆனால் வந்த பதிலோடு விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

அம்மாவின் கை சுகமாகப் பல மாதங்கள் ஆயின. பின்படியில் இப்போது இரண்டு பக்கமும் கைபிடி இருக்கிறது. கதவை நான் பூட்டவில்லை. சனிக்கிழமைகளில் மாவை அம்மா குழைக்கிறா, இடியப்ப உரலை என் மகன் பிழிகிறான். சில தட்டுகளில் இடியப்பம் கோணலாகத்தான் விழுகிறது, பரவாயில்லை, சொதி ஊற்றினால் தெரியாது.

இந்தக் குளிர்காலத்திலும் உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. மன்றத்தில் சந்திப்போம். வராவிட்டால் தேடுவோம்.